தினகரனுக்குத் தேவைப்பட்ட குதிரை

குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தினகரனுக்கு வாய் மூடாது. மனைவி சந்திரிகா இதைச் சொல்வாள். கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வருகிறவர்கள் சொல்வார்கள். அவரைக் கேட்டால் அவரும் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டுவிட்டு, ஏன் அப்படி என்று இருபது நிமிஷம் விளக்குவார்.

வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பின்னால் மூன்றாவது தெரு. காலை ஆறரைக்குப் பெருங்களத்தூரில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் ஏழரைக்குள் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி, தொழிற்சாலைச் சுவர்கள் முடிந்து பச்சை தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் இறங்கலாம். அங்கே அறுபத்திரண்டு குதிரைகள் இருக்கின்றன. ஓட்டப்பந்தயத்துக்கும் இல்லை, வண்டிக்கும் இல்லை. வெறிநாய்க்கடிக்கான சீரம் அந்தக் குதிரைகளின் ரத்தத்திலிருந்துதான் வருகிறது. தினகரன் பிளாஸ்மா பிரிவின் மேற்பார்வையாளர். பத்தொன்பது வருஷ சர்வீஸ்.

பார்வையாளர் யாராவது வந்தால் சுற்றிக்காட்டும் பொறுப்பை அவரிடம் யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். முதலில் செத்த வைரஸை, அதாவது தடுப்பூசி மருந்தை, குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவோம் என்று தொடங்குவார். செத்த வைரஸால் நோய் வராது. ஆனால் அது செத்தது என்று குதிரையின் உடம்புக்குத் தெரியாது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, அவனைப் பிடித்து முடக்குகிற புரதங்களைச் செய்து தள்ளும். வாரங்கள் போகப் போக, மருந்தின் அளவு ஏற ஏற, ரத்தத்தில் அந்தப் புரதமும் ஏறும். போதுமான உயரத்துக்கு வந்ததும் கழுத்துச் சிரையில் ஊசி செருகி ஐந்தாறு லிட்டர் ரத்தம் எடுப்பார்கள். சிவப்பு அணுக்களைப் பிரித்துக் குதிரைக்கே திருப்பி ஏற்றிவிடுவார்கள். மிஞ்சுகிற வைக்கோல் நிறத் தெளிநீர்தான் சரக்கு.

இந்த இடத்தில் கல்லூரி மாணவர்கள் கைபேசியை எடுக்கத் தொடங்குவார்கள். தினகரன் விடமாட்டார். அந்தப் புரதத்துக்கு இரண்டு கையும் ஒரு வாலும் உண்டு என்பார். கைதான் வைரஸைப் பிடிக்கும். வால், குதிரை என்பதற்கான அடையாள அட்டை மாதிரி. மனித உடம்புக்குள் போனால் யார் இந்த அந்நியன் என்று கலவரம் கிளப்பும். அதனால் நம் வயிற்றில் சோறு செரிக்க உதவுகிற பெப்சினையே போட்டு வாலை நறுக்கிவிட்டு, கையை மட்டும் வடிகட்டி, சுத்தம் செய்து, குப்பியில் அடைக்கிறோம். இதைச் சொல்லும்போது தன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, இல்லாத வாலை ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். பத்தொன்பது வருஷமாகத் திரும்பிப் பார்க்கிறார்.

குதிரைகளைப் பராமரிக்கும் ஏகநாதன் அந்தப் பக்கத்து ஊர்க்காரர். இப்போது புல் வளர்க்கிற நிலத்தில் ஒரு காலத்தில் அவர் அப்பா நெல் போட்டார். பேச்சில் யாருக்கும் பயப்படமாட்டார். "சார் லெக்சர் அடிக்க ஆரம்பிச்சா குதிரையே தலைய ஆட்டுது. நீங்க அத்த ஆமான்னு நெனச்சிகினு கீறீங்க. அது போதும் வுடுன்னு சொல்லுது" என்று பார்வையாளர்கள் முன்னாலேயே சொல்வார்.

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஊசி என்றால் பயம். குதிரைக்குப் போடும் ஊசி இல்லை. பேனா ரீஃபில் கனத்தில் இருக்கும் அந்த ஊசி கழுத்தில் இறங்கும்போது, ஒண்ணும் இல்லடா என்று குதிரையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தபடி நிற்பார். தன் தோளுக்கு மயிரிழை மாதிரி ஒரு ஊசி வந்தால் மட்டும் காதில் வண்டு ரீங்காரமிடும்.

ஆறு வருஷம் முன்பு கம்பெனி ஒரு விதி கொண்டுவந்தது. இந்த வேலையில் இருப்பவர்கள் நாய் கடிப்பதற்கு முன்னாலேயே வெறிநோய்த் தடுப்பூசி மூன்று தவணை போட்டுக்கொள்ள வேண்டும். கம்பெனியின் முதலுதவி அறை நர்ஸ் அருள்மேரி பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தினகரன் முறை வந்தபோது, எங்கள் குடும்ப டாக்டரிடம் போட்டுக்கொள்கிறேன் என்று நழுவினார். மாதம் ஒன்று கழித்து, போட்டுவிட்டேன் என்றார். சீட்டு எங்கே என்று அருள்மேரி கேட்டதற்கு, உடம்பு ஒருமுறை கற்றதை எப்படி மறக்காமல் வைத்துக்கொள்கிறது என்று அரை மணி நேரம் விளக்கினார். வெளியே நான்கு பேர் தலைவலி மாத்திரைக்குக் காத்திருந்தார்கள். அருள்மேரி பதிவேட்டில் டிக் போட்டு அனுப்பிவிட்டார். அந்த வாரமே அடையாள அட்டையின் பின்புறம் ஒரு பச்சை ஸ்டிக்கர் வந்து ஒட்டிக்கொண்டது: வெறிநோய்த் தடுப்பூசி, மூன்று தவணை, முடிந்தது.

ஒரு பொய்யை விளக்கத்தாலேயே தாண்டிவிட்டோம் என்று அன்று தினகரனுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது அவருக்கு.

நாய் கடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாலுவின் மளிகைக்கடை வாசலில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு நின்றார். ஏரிக்கரைப் பக்கமிருந்து ஒரு செம்பட்டை நாய் வந்தது. தெருவில் யாரும் பார்த்திராத நாய். பாலு சட்டென்று ஷட்டர் இழுக்கும் கொம்பை எடுத்தார். தினகரன் அவரைத் தடுத்து, வெறிநாயையும் சாதா நாயையும் பிரித்துப் பார்க்க நான்கு அடையாளங்கள் உண்டு, பதறக்கூடாது என்றார். தாடையைப் பாருங்கள், தொங்குகிறதா, எச்சில் வடிகிறதா, நடை தள்ளாடுகிறதா. இப்படி ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிக்கொண்டே குனிந்தார். தாடை தொங்கத்தான் செய்தது. எச்சிலும் வடிந்தது. மூன்றாவது அடையாளத்துக்கு அவர் விரலை நீட்டியபோது நாய் அந்தக் கையைக் கவ்வியது.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு பல் ஆழமாக இறங்கிவிட்டது. பாலு கொம்பை வீசியதும் நாய் விட்டுவிட்டு, ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் கோணல்மாணலாக ஓடி மறைந்தது.

"நாலாவது அடையாளம் இன்னா சார்?" என்றார் பாலு.

தினகரன் அடுத்துச் செய்ததில் குற்றம் சொல்ல முடியாது. கடைக் குழாயைத் திறந்து, துணி சோப்பை எடுத்து, பதினைந்து நிமிஷம் கடிகாரம் பார்த்துக் கழுவினார். கழுவும்போதும் விளக்கினார். இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு உறை இருக்கிறது, எண்ணெய்ப் பாத்திரத்து எண்ணெயை எடுக்கிற மாதிரி சோப்பு அதைக் கரைத்துவிடும், உறை போனால் வைரஸ் உருப்படாது. பாலு கவனித்துக் கேட்டார். சார் கையிலிருந்து வழிகிற ரத்தத்தைப் பார்க்காமலிருக்க வேறு எங்காவது கவனிக்க வேண்டியிருந்தது.

சந்திரிகா சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேம்ப் ரோட்டில் அவளுக்குத் தெரிந்த டாக்டர் ஷ்யாம்சுந்தரின் சின்ன ஆஸ்பத்திரி ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். ஸ்கூட்டரின் பின்னால் கையைத் தூக்கிப் பிடித்தபடி தினகரன் உட்கார்ந்து போனார். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் சந்திரிகா, இவர்தான் நாய்க்கடி சீரம் தயாரிக்கிற கம்பெனியில் இருக்கிறார் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். டாக்டர் முகம் மலர்ந்தது. இளம் வயது, தொழில் தெரிந்த நோயாளி கிடைத்த சந்தோஷம்.

"அப்ப நீங்க முன்னாடியே தடுப்பூசி போட்டிருப்பீங்களே சார்?"

தினகரன் வாயைத் திறப்பதற்குள் சந்திரிகா அவர் பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டிவிட்டாள். பச்சை ஸ்டிக்கர் விளக்கொளியில் பளபளத்தது. ஸ்டிக்கரைப் பற்றி அவளிடமும் அவர் ஆறு வருஷமாக உண்மையைச் சொன்னதில்லை.

"சூப்பர். வேலை சுலபம்" என்றார் டாக்டர். ஏற்கெனவே போட்டவர்களுக்குச் சீரம் தேவையில்லை, உடம்புக்குப் பாடம் ஞாபகம் இருக்கும், இன்றைக்கு ஒன்று, புதன்கிழமை ஒன்று, இரண்டே ஊசி என்று அவர் சொன்னதெல்லாம் தினகரன் ஆயிரம் முறை பிறருக்குச் சொன்னது. வார்த்தை மாறாமல் சரியாகத்தான் சொன்னார். ஒரே ஒரு தகவலைத் தவிர.

அந்தத் தகவலைச் சொல்ல மூன்று வினாடி போதும். தினகரன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். வாசலில் சந்திரிகாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று அம்மாவோடு நின்று, வணக்கம் மிஸ் என்றது. தினகரன் கண்ணை மூடிக்கொண்டு தோளைக் காட்டினார். காதில் வண்டு வந்தது, போனது. ஊசி முடிந்திருந்தது.

"அவ்ளோதான். இதுக்குப் போய் கண்ண மூடிக்கிட்டு" என்று சந்திரிகா சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து, வலது கையில் கட்டோடு இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாம்பார் சாதம் சாப்பிடும்போதுதான் தினகரனுக்குள் அந்தக் கணக்கு ஓட ஆரம்பித்தது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பதில்லை. இதைவிடத் தெளிவான வாக்கியம் மருத்துவத்தில் அதிகம் இல்லை. அது வராமல் தடுக்கலாம். வந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த நாய்க்கு அவர் சொன்ன அடையாளங்களில் மூன்று கண்ணெதிரே இருந்தன.

பயந்தவனுக்கு அறிவு வக்கீலாகிவிடும். தினகரனின் வக்கீல் திறமைசாலி. சோப்பு போட்டுக் கழுவியாயிற்று, பாதி ஆபத்து அதிலேயே போயிருக்கும் என்றது. இன்று போட்ட ஊசி உடம்பைத் தயார் செய்யாமலா போகும் என்றது. குதிரை ரத்தத்தோடு பத்தொன்பது வருஷம் பழகிய உடம்பு, அதில் கொஞ்சமாவது ஒட்டியிருக்காதா என்றுகூடக் கேட்டது. இதை ஒரு மாணவன் கேட்டிருந்தால் தினகரன் அவனைப் பெற்றோரோடு வரச் சொல்லியிருப்பார். கம்பெனி ஆய்வுக்கூடத்தில் தன் ரத்தத்தைக் கொடுத்து அளந்து பார்க்கலாமா என்றும் யோசித்தார். முடிவு வர நாலு நாள் ஆகும். தவிர, ரத்தம் எடுக்க இன்னொரு ஊசி வேண்டும்.

உண்மையைச் சொல்லத் தயங்கியதற்கு வெறும் வெட்கம் மட்டும் காரணம் இல்லை, சந்திரிகா என்ன சொல்வாள் என்பதைவிட என்ன சொல்லாமல் இருப்பாள் என்பதுதான் அவருக்குப் பெரிய பயம். அருள்மேரி நம்பிப் போட்ட டிக் வேறு இருந்தது. இதோடு, சீரத்தை எங்கே போடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தோளில் இல்லை. கடிபட்ட புண்ணுக்குள்ளேயே, சுற்றிச் சுற்றி, கட்டைவிரல் இடுக்கு கொள்ளுமட்டும். இந்தக் கடைசிக் காரணத்தை அவர் வெகு நாள் வரை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மற்ற இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்தாலும் இதுதான் கனம்.

மூன்று மணிக்கு ஏகநாதன் போன் செய்தார். எப்படியோ அங்கே சேதி போயிருந்தது.

"இன்னா சார், உங்களயே கடிச்சிட்ச்சாமே. அதுக்கு யார்னு தெர்ல போல."

ஒன்றுமில்லை, ஊசி போட்டாயிற்று என்றார் தினகரன். நம்ம குதிரை மருந்து உள்ள போயிட்டுதில்ல, அப்ப இன்னிலேர்ந்து நீங்களும் நம்ம லாயத்து ஆளுதான் என்று சொல்லி ஏகநாதன் சிரித்தார். தினகரனும் சிரித்தார். சிரித்து முடித்தபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. தாகமா, வேறு எதன் ஆரம்பமா என்று ஒரு கணம் பதறி, சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார். தண்ணீர் உள்ளே இறங்கியது. கடித்து எட்டு மணி நேரத்தில் அந்த அறிகுறி வராது, வாரங்களாகும், மாதங்களாகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இன்னொரு சொம்பு குடித்துப் பார்த்தார்.

நாலரைக்குப் பாலு வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கடை வாசலில் நடந்ததால் அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சி. சந்திரிகா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்தாள். பாலு சும்மா இருந்திருக்கலாம். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று ஒரு கேள்வி கேட்டார்.

"சார், தோள்ல ஊசி போட்டா அதுவே மருந்துதானே. அப்புறம் எதுக்கு அந்தக் குதிரையப் போட்டுப் பாடுபடுத்துறீங்க?"

கேட்பவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்றால் தினகரனால் சும்மா இருக்க முடியாது. கட்டுப்போட்ட கையையே படமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். இதோ கடித்த இடம். வைரஸ் ரத்தத்தில் போகாது, நரம்பைப் பிடித்து ஏறும். மெதுவாகத்தான் போகும். பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் பஸ் ஊர்கிற மாதிரி. ஆனால் நின்றுவிடாது, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டினால் ஊர் போய்ச் சேருவது நிச்சயம். ஊர் என்பது மூளை. தோளில் போட்ட ஊசி மருந்தல்ல, பாடம். அதைப் படித்துவிட்டு உடம்பு தானே ஆயுதம் செய்ய வேண்டும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

"அந்தப் பத்து நாள்?" என்றார் பாலு.

"அதுக்குத்தான் குதிரை!" தினகரன் முகம் அன்று முதல் தடவையாக மலர்ந்தது. குதிரை ஏற்கெனவே படித்துத் தேறி ஆயுதம் செய்து வைத்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து புண்ணிலேயே விட்டால், வைரஸ் நரம்பில் ஏறுவதற்கு முன்னால் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டில் உலை கொதிக்கிற வரை பசிக்கு ஹோட்டல் பார்சல் வாங்கி வருவது மாதிரி. பார்சல் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும். அதற்குள் வீட்டுச் சமையல் ஆகிவிடும்.

"சூப்பரா சொன்னீங்க சார்" என்றார் பாலு. விஷயம் அவருக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. புரிந்தவர் கேட்கிற அடுத்த கேள்வியைத்தான் அவரும் கேட்டார். "அப்ப முன்னாடி பாடமே படிக்காதவன், இன்னைக்கு ஊசிய மட்டும் போட்டுக்கினு, குதிரை மருந்து போடாம வூட்டுக்கு வந்துட்டா?"

"அவன் முட்டாள். கதவத் திறந்து வச்சுட்டுப் பத்து நாள் கழிச்சுப் பூட்டு வாங்கப் போற மாதிரி. நல்ல காலம் இருந்தாத் தப்பிப்பான். இல்லன்னா..."

அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தினகரன் எத்தனையோ கூட்டங்களில் சர்வசாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். இப்போது அது வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. பாலு காபியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சந்திரிகாவின் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. முப்பது பிள்ளைகளின் கணக்கில் எந்த வரியில் தப்பு என்று பார்த்தமாத்திரத்தில் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. அந்தக் கண் விடைத்தாளிலிருந்து நிமிர்ந்து, கணவன் முகத்தில் ஒரு வரியில் நின்றது.

"நீங்க போட்டுக்கவே இல்ல" என்றாள்.

தினகரன் தலையை ஆட்டினார்.

"மூணுமே?"

"ஒண்ணுகூட. பயம்."

பாலு எழுந்து நின்றார். உட்காருவதா போவதா என்று தெரியாமல் வாழைப்பழச் சீப்பை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தார். சந்திரிகா கத்தவில்லை. ஆறு வருஷமா என்று கேட்கவில்லை. விடைத்தாள்களை அடுக்கினாள், மேலே பேனாவை வைத்தாள்.

"வண்டிச் சாவி எங்க?"

கேம்ப் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை நெரிசல். சந்திரிகா ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினாள். ஒவ்வொரு பஸ்ஸின் பின்னால் நிற்கும்போதும் தினகரனுக்குத் தான் சொன்ன உவமையே ஞாபகம் வந்தது. ஊசி போட்டு ஏழு நாளுக்குள் சீரம் போடலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று அவள் முதுகிடம் சொன்னார். அடுத்த சிக்னலில் மட்டும் திரும்பாமலே, இனிமேல் தெரிந்ததைச் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் போதும் என்றாள்.

டாக்டரிடம் அவர் நடந்ததைச் சொன்னார். மூன்று வினாடிதான் ஆயிற்று. ஷ்யாம்சுந்தர் அடையாள அட்டையை வாங்கி ஸ்டிக்கரை ஒருமுறை பார்த்தார், தினகரனை ஒருமுறை பார்த்தார். திட்டினால் தேவலை என்று தினகரனுக்கு இருந்தது. டாக்டர் திட்டாமல், எடை எவ்வளவு என்றார். எழுபத்தைந்து என்றார் தினகரன். சந்திரிகா எண்பத்திரண்டு என்றாள். எடையைப் பொறுத்துத்தான் சீரத்தின் அளவு. அதிலும் பொய் சொல்லப் பார்த்ததை நினைத்து அவருக்கே கூச்சமாகிவிட்டது.

குளிர்பெட்டியிலிருந்து குப்பி வந்தது. வேறு ஏதோ கம்பெனியின் லேபிள். அந்த நிலையிலும் தினகரனுக்கு மனசுக்குள் ஒரு சின்ன வருத்தம். கட்டைப் பிரித்து, கையைத் துணி விரித்த மேஜையில் வைத்து, டாக்டர் சீரத்தைப் புண்ணின் ஓரத்தில் சொட்டுச்சொட்டாக இறக்க ஆரம்பித்தார். விரல் இடுக்கில் இடம் குறைவு. மருந்து உள்ளே போகப் போகச் சதை உப்பி வெளிறியது. புண்ணுக்குள் ஊசி நுழைவதன் வலியைத் தினகரன் எந்த லெக்சரிலும் சேர்த்ததில்லை. காதில் வண்டு வரக் காத்திருந்தார். வலித்த வலியில் அதற்கு இடமில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வழியாக இறங்கிச் சட்டையில் விழுந்தது. சந்திரிகா இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது ஆதரவாகவா, நகராமல் இருக்கவா என்று அவர் இன்று வரை கேட்கவில்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனதும் நேராக முதலுதவி அறைக்குச் சென்றார். அருள்மேரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, ஆறு வருஷத்துக்கு முந்தைய டிக்கைச் சிவப்பு மையால் அடித்தார். பச்சை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார். மதியத்துக்குள் நிர்வாகத்திடமிருந்து மெமோ வந்துவிட்டது. தவறான தகவல் அளித்தது ஏன் என்று எழுத்து மூலம் விளக்கம் தரவும்.

தினகரன் இடது கையால் கணினியில் தட்டித் தட்டி நான்கு பக்கம் விளக்கம் எழுதினார். ஊசி பயம் என்பது மூளையில் எங்கே பிறக்கிறது, ரத்த அழுத்தம் ஏன் சட்டென்று இறங்குகிறது, முன்னோர்களுக்கு அது எப்படி உதவியிருக்கலாம் என்று படிப்படியாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு படமும் உண்டு. அருள்மேரியிடம் காட்டினார். அவர் முதல் பக்கத்தில் பாதி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதே மாதிரி ஒண்ணு சொல்லித்தான் அன்னைக்கு என்ன ஏமாத்தினீங்க சார். என்ன நடந்ததோ அத எழுதுங்க."

அவர் சொன்னதில் அநியாயம் ஒன்றும் இல்லை. தினகரன் நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டு ஒரு புதுத் தாளில் எழுதினார்: ஊசிக்குப் பயந்து, போட்டுக்கொண்டதாகப் பொய் சொன்னேன். கையெழுத்து இடது கையில் சின்னப் பிள்ளை எழுதியது மாதிரி கோணலாக வந்தது.

அதை வாங்கி வைத்துக்கொண்ட அருள்மேரி அன்று சாயங்காலமே எல்லாப் பிரிவுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பச் செய்தார். போட்டதாகச் சொல்லிவிட்டுப் போடாதவர்கள் வேறு யாராவது இருந்தால் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரலாம். அவர்களுக்கு மெமோ கிடையாது. காரணத்தை ஒரு வரி எழுதித் தந்தால் போதும். இது தனக்குக் கொடுத்த இரண்டாவது அடி என்று தினகரன் நினைத்தார். ஒருத்தரும் வரமாட்டார்கள், தான் மட்டும் முதலுதவி அறை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது தவணை போட்டுக்கொள்வதைக் கண்ணாடி வழியாக ஊரே பார்க்கும்.

புதன்கிழமை பத்து மணிக்குப் போனபோது பெஞ்சில் இடமில்லை. பதினோரு பேர். பேக்கிங் பிரிவில் மூன்று பேர், வாசல் காவலாளி, தர ஆய்வில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர். கடைசியில், சுவரைப் பார்த்துக்கொண்டு ஏகநாதன்.

தினகரனால் நம்ப முடியவில்லை. நானூறு கிலோ குதிரையின் வாயைப் பிடித்துத் திருப்புகிற ஆள். நீங்களுமா என்று கேட்டார்.

"குதிரைக்குத்தான் வாராவாரம் போடுறாங்க, அது மூச்சுக்காத்துலதானே கெடக்கோம், நமக்கு இன்னா வரும்னு இருந்துட்டேன்" என்றார் ஏகநாதன் தாழ்ந்த குரலில். "நீங்க வேற வெளக்கம் குட்க்காதீங்க. நானே பேஜாராகி கீறேன்."

இதே வக்கீல் ஞாயிற்றுக்கிழமை தன்னிடமும் வந்து வாதாடியது என்று தினகரன் சொல்லவில்லை. ஏகநாதனின் மடியில் மடித்த தாள் இருந்தது. எழுத வராததால் பேக்கிங் பெண் ஒருத்தியிடம் சொல்லி எழுதி வாங்கியிருந்தார். அருள்மேரி உள்ளேயிருந்து முதல் பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. பதினோரு பேரும் தினகரனைப் பார்த்தார்கள்.

தினகரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே போனார். கதவைச் சாத்த வேண்டாம் என்று அருள்மேரியிடம் கேட்டுக்கொண்டார்.